21 மில்லிமீட்டரில் ஒரு வரலாறு



வரலாற்றுப் பாடத்திற்காக மாணவர்கள் செய்து கொண்டுவரும் மாதிரி உருவங்களுக்கு நாம் எப்படி மதிப்பெண் இடுகிறோம்? இந்தக் கேள்வி சில காலமாகவே என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு விடையை நான் கண்டெடுத்த இடம் நம் நாடன்று; அயர்லாந்து. அதுவும் அந்நாட்டின் பழைய இரயில் வண்டிகளைச் சிறு உருவில் செய்து வைத்திருக்கும் ஒரு காட்சிக்கூடம். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் அயர்லாந்து இரயிலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். சற்றுப் பொறுமையாகப் படித்து வாருங்கள்.

என் மகள் டப்ளின் நகரில் மருத்துவம் பயின்ற காலத்தில், 2023ஆம் ஆண்டு, அவளைக் காணச் சென்றிருந்தேன். ஒரு மழைநாள். "அம்மா, வெளியில் சுற்ற முடியாது. மாலஹைடில் ஒரு மாதிரி இரயில் காட்சிக்கூடம் இருக்கு. தாத்தா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார், வாங்க போகலாம்" என்று அழைத்துச் சென்றாள். என் தந்தையார் மலாயா இரயில்வேயில் வேலை செய்தவர். அவர் நினைவிற்காகவே நானும் கிளம்பினேன். பொம்மை இரயில்களைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணந்தான் எனக்கு. திரும்பி வரும்போது அந்த எண்ணம் இல்லை.

கூரையறையில் ஓர் இரயில்வே

டப்ளினின் இன்ச்சிக்கோர் என்னும் பகுதியில் 1846ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரிய இரயில் பட்டறை ஒன்று உண்டு. அங்கே வரைபடக் கலைஞராகப் பணியாற்றியவர் சிரில் ஃபிரை. பகலெல்லாம் மெய்யான பொறிகளின் வரைபடங்களோடு வாழ்ந்த அவர், மாலையில் வீடு திரும்பியதும் அவற்றையே சிறு உருவில் செய்யத் தொடங்கினார். 1920களிலும் 1930களிலும் தொடங்கிய இவ்வேலை அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அவருடைய துணைவியார் பாட்ரிசியாவும் இப்பணியில் உடனிருந்தார். அவர்கள் வீட்டுக் கூரையறையே ஒரு முழு இரயில்வேயாக மாறியது.

ஃபிரை மறைந்த பின்னர் அத்தொகுப்பு 1988 முதல் 2010 வரை மாலஹைட் கோட்டையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, 2020இல், அதே ஊரில் கசீனோ என்னும் பெயர் கொண்ட பழைய கூரைவேய்ந்த மாளிகையில் அதற்குப் புதிய இடம் கிடைத்தது. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டா. அங்குச் சூதாட்டம் எதுவும் இல்லை!

கண்ணாடிப் பேழையில் இருந்த ஒவ்வொரு வண்டியும் என்னுடைய முழங்கை நீளங்கூட இல்லை. எனினும் அவற்றில் கைப்பிடிகள், படிகள், ஆணித்தலைகள் எல்லாம் இருந்தன. அவை அழகுக்காக வைத்தவை அல்ல. மூல வரைபடத்தில் எங்கே இருந்தனவோ அங்கேதான் இருந்தன.

அகலத்தில் தொடங்கிய சிக்கல்

அயர்லாந்து இரயிலை மாதிரியாகச் செய்ய முனைபவர் முதலில் எதிர்கொள்வது தண்டவாளத்தின் அகலம். இதற்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

அயர்லாந்தின் முதல் இரயில் பாதை 1834ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் டப்ளினுக்கும் கிங்ஸ்டவுனுக்கும் இடையில் திறக்கப்பட்டது. கிங்ஸ்டவுன் இன்று டன் லேரி என்று வழங்கப்படுகிறது. அப்பாதையின் அகலம், இங்கிலாந்தில் பெரும்பான்மையாக இருந்த 4 அடி 8½ அங்குலம். 1839இல் வடக்கே பெல்ஃபாஸ்டிலிருந்து லிஸ்பர்னுக்குப் பாதை அமைத்த அல்ஸ்டர் இரயில்வே 6 அடி 2 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தது. டப்ளினிலிருந்து ட்ரோஹடாவிற்குப் பாதை அமைத்த மூன்றாவது நிறுவனமோ 5 அடி 2 அங்குலம் போதும் என்றது. மூன்று நிறுவனம், மூன்று அகலம்! பெல்ஃபாஸ்டும் டப்ளினும் ஒருநாள் இணைய வேண்டிய நகரங்கள். அப்படி இணையும்போது ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஓடாது.

சிக்கல் பிரிட்டிஷ் அரசின் வணிக வாரியத்திற்குச் சென்றது. மேஜர் ஜெனரல் பேஸ்லி என்பவர் அக்காலத்துப் பொறியாளர்களைக் கலந்து, இடைப்பட்ட அளவாக 5 அடி 3 அங்குலம் என்று தீர்த்து வைத்தார். 1846ஆம் ஆண்டுச் சட்டம் அதை அயர்லாந்தின் அளவாக உறுதி செய்தது. வேடிக்கை என்னவென்றால், வழக்காடிய மூவரில் ஒருவருடைய அளவும் அதுவன்று. அல்ஸ்டர் இரயில்வே தன் பாதையைக் குறுக்கிக்கொண்டது. அதற்கு ஈட்டுத்தொகையும் பெற்றது. முதன்முதலில் ஓடிய கிங்ஸ்டவுன் பாதை 1857இல் அகலமானது. இன்றும் அயர்லாந்து முழுவதும் இதே அகலந்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் பிரேசிலின் சில பகுதிகளிலும் இதே 1600 மில்லிமீட்டர் அகலப் பாதைகள் இருக்கின்றன.

இனி மாதிரிக்கு வருவோம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரும்பாலோர் பயன்படுத்தும் அளவுவிகிதம், மெய்யான 1 அடிக்கு 4 மில்லிமீட்டர் என்பதாகும். 5 அடி 3 அங்குலம் என்றால் 5.25 அடி. அதை 4ஆல் பெருக்கினால் 21 மில்லிமீட்டர். ஆகவே மாதிரித் தண்டவாளம் 21 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆனால் கடைகளில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். அது 1 அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்னும் வேறொரு விகிதத்திற்காக உருவானது. பிரிட்டிஷ் பொறிகள் உருவில் சிறியவை என்பதால் அக்காலத்து மோட்டார்களை அவற்றின் மாதிரிக்குள் அடக்க முடியவில்லை. எனவே வண்டியின் உடலை மட்டும் சற்றுப் பெரிதாக்கி, அடியில் பழைய தண்டவாளத்தையே வைத்துக்கொண்டார்கள். அந்த வசதிக்குச் செய்த சமரசம் இன்றளவும் நிலைத்துவிட்டது.

16.5 மில்லிமீட்டரை 4ஆல் வகுத்துப் பாருங்கள்; 4 அடி 1½ அங்குலம் வரும். அதாவது அயர்லாந்து வண்டியைக் கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால், அதன் கால்கள் இருக்க வேண்டிய அளவைவிட ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேலாக ஒடுங்கி நிற்கும். அகன்று நின்ற ஆள் கால்களைச் சேர்த்து நின்றாற்போல் இருக்கும். 'தொலைவிலிருந்து பார்த்தால் தெரியாது, போதும்' என்று பலர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். சிலரோ 21 மில்லிமீட்டர்தான் வேண்டும் என்று தண்டவாளத்தைக் கையாலேயே கட்டி, ஒவ்வொரு பொறியின் சக்கரத்தையும் கழற்றி அகலப்படுத்துகிறார்கள். இரு சாராருமே உழைப்பாளிகள்தான். ஆனால் ஒடுங்கிய தண்டவாளத்தில் ஓட்டுபவரும், தாம் எங்கே மெய்யிலிருந்து விலகினோம் என்பதை அறிந்தே விலகுகிறார். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு சிறு விருந்து: அயர்லாந்தின் ஊர்ப்புறங்களில் 3 அடி அகலக் குறும்பாதைகள் பல ஓடின. 1 அடிக்கு 7 மில்லிமீட்டர் என்னும் பெரிய விகிதத்தில் அவற்றைச் செய்தால், 3ஐ 7ஆல் பெருக்க, அங்கேயும் 21 மில்லிமீட்டர்! அகலப் பாதையும் குறும்பாதையும், விகிதம் மாறும்போது ஒரே தண்டவாளத்தில் வந்து நிற்கின்றன. விகிதக் கணக்கு நடத்தும்போது இதைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.

'எந்த ஆண்டு?' என்னும் கேள்வி

அயர்லாந்தில் மிக அதிகமாகக் கட்டப்பட்ட நீராவிப் பொறி வகை, 101ஆம் வகுப்பு என்பது. 1866 முதல் 1903 வரை மொத்தம் 111 பொறிகள் கட்டப்பட்டன. ஆறு சக்கரமும் இயங்கும் எளிய சரக்குப் பொறி. 1960களில் நீராவிக் காலம் முடியும் வரை, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இவ்வகைப் பொறிகள் உழைத்தன. 1879இல் கட்டிய 186ஆம் எண் பொறியும் 1880இல் கட்டிய 184ஆம் எண் பொறியும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

'101ஆம் வகுப்புப் பொறி ஒன்று செய்யப் போகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அனுபவமுள்ளவர் கேட்கும் முதற்கேள்வி, 'எந்த ஆண்டு?' என்பதுதான். ஏனெனில் நூறாண்டில் அப்பொறி ஒரே முகத்தோடு இருக்கவில்லை. தொடக்கத்தில் முன்புறப் புகைப்பெட்டிக்கு அலமாரிபோல இரட்டைக் கதவு; பிறகு ஒற்றை வட்டக் கதவு. கொதிகலன் மாறியது, புகைபோக்கி மாறியது, ஓட்டுநர் நிற்கும் கூண்டும் மாறியது. வண்ணமும் அப்படியே. 1925 முதல் தென்பகுதி இரயில்களை நடத்திய கிரேட் சதர்ன் நிறுவனம், பொறிகளுக்கு வெறும் சாம்பல் நிறத்தையே பூசியது. 1945இல் உருவாகி 1950இல் நாட்டுடைமையான சி.ஐ.ஈ. நிறுவனம், 'பறக்கும் நத்தை' என்று மக்கள் கேலியாக அழைத்த ஒரு சின்னத்தைத் தன் வண்டிகளில் பொறித்தது. டப்ளின் டிராம் நிறுவனத்திடமிருந்து வந்த அச்சின்னம் 1964 வரை இருந்தது. ஆகவே 1930ஆம் ஆண்டுப் பொறியில் நத்தை இருந்தால் அந்த மாதிரி பிழை. இரட்டைக் கதவுப் பொறி நத்தைச் சின்னத்தோடு நின்றால் ஐயத்திற்குரியது.

நம் மாணவர்கள் 'அந்தக் காலத்தில்' என்று கட்டுரையைத் தொடங்குவார்கள். எந்தக் காலத்தில்? இந்த ஒரு கேள்வியை நாம் விடாது கேட்டாலே வரலாற்றுப் பாடத்தில் பாதி கற்பித்ததாகிவிடும்.

புள்ளி வைத்த பெயர்ப்பலகை

தமிழாசிரியை என்ற முறையில் என் நெஞ்சைத் தொட்ட பொறி ஒன்று உண்டு. 1939இல் இன்ச்சிக்கோர் பட்டறையில் 800ஆம் வகுப்பு என மூன்று பெரும் பொறிகளைக் கட்டத் தொடங்கினார்கள். டப்ளினுக்கும் கோர்க் நகருக்கும் இடையே விரைவு வண்டி இழுப்பதற்காக உருவான இவையே அயர்லாந்தில் கட்டப்பட்ட மிக ஆற்றல் வாய்ந்த நீராவிப் பொறிகள். அவற்றுக்கு மேவ், மாகா, டைல்டே எனப் பழங்கதை மாந்தரின் பெயர்களைச் சூட்டினர். சாம்பல் நிறப் பொறிகளுக்கு நடுவே இவை மட்டும் பச்சை உடுத்தி வந்தன. பெயர்ப்பலகைகளோ ஆங்கில எழுத்தில் அல்ல. ஐரிஷ் மொழியின் மரபெழுத்தில் பொறிக்கப்பட்டன.

அவ்வெழுத்தில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பதுண்டு. நம் தமிழில் புள்ளி வைத்தால் உயிர் நீங்கி மெய் தனித்து நிற்கும். ஐரிஷ் மொழியில் புள்ளி வைத்தால் வல்லோசை மென்மையாகும். இன்றைய எழுத்துமுறையில் புள்ளிக்குப் பதிலாக வேறோர் எழுத்தைச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். மேவ் என்னும் பெயர்ப்பலகையில் அத்தகைய புள்ளிகள் இரண்டு. 4 மில்லிமீட்டர் அளவில் மாதிரி செய்பவர், ஊசிமுனை போன்ற அவ்விரு புள்ளிகளையும் விட்டுவிடக் கூடாது. விட்டால் பெயரே மாறிவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறக்கும் நம் மாணவர்களிடம் நாம் சொல்வதும் இதைத்தானே?

அப்பொறிகளின் கதை துயரமானது. அவை பணிக்கு வந்த வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. நிலக்கரி வளம் குறைந்த அயர்லாந்து, பிரிட்டனிலிருந்து வரும் கரியையே நம்பியிருந்தது. கரி வரத்துச் சுருங்கியதும் விரைவு வண்டிகளும் சுருங்கின. தம் முழு வலிமையைக் காட்டும் வாய்ப்பு அப்பொறிகளுக்கு அரிதாகவே கிடைத்தது. மூன்றில் மேவ் மட்டும் பெல்ஃபாஸ்டை அடுத்த கல்ட்ரா அருங்காட்சியகத்தில் இன்று நிற்கிறது.

மாதிரியில் மட்டும் வாழ்பவை

மேவ் பொறியைச் செய்பவர் கல்ட்ராவிற்குச் சென்று அளந்து வரலாம். அளக்க ஒன்றுமே மிஞ்சாத வண்டிகளும் இருக்கின்றன. ஜேம்ஸ் டிரம் என்னும் அறிவியலாளர் கண்டுபிடித்த மின்கலத்தால் ஓடிய இரயில்கள் 1932 முதல் டப்ளின் சுற்றுவட்டாரத்தில் ஓடின. ஷானன் ஆற்று நீர்மின்நிலையம் தந்த மின்சாரத்தை மின்கலத்தில் ஏற்றிக்கொண்டு, போர்க்காலத்தில் கரி இல்லாத நாள்களிலும் அவை மக்களைச் சுமந்தன. மின்கல வண்டிகளைப் பற்றி உலகமே பேசும் இந்நாளில், அவற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். 1949இல் அவை ஓய்வு பெற்றன. இன்று அவற்றைக் காண வரைபடமும் நிழற்படமும் மாதிரியுமே துணை.

இன்னொன்று, லிஸ்டோவலிலிருந்து பாலிபன்யன் கடற்கரை வரை சுமார் 14 கிலோமீட்டர் ஓடிய ஒற்றைத் தண்டவாள இரயில். சார்ல் லார்டிக் என்னும் பிரெஞ்சுப் பொறியாளரின் படைப்பு. 1888இல் திறக்கப்பட்டு 1924இல் மூடப்பட்டது. தரையில் ஏணிபோல் கால்விரித்து நின்ற சட்டங்களின் உச்சியில் ஒரே தண்டவாளம். அதன் இருபுறமும் வண்டி தொங்கும். ஒட்டகத்தின் முதுகில் இருபுறமும் பொதி தொங்குவதைக் கண்டு இந்த எண்ணம் பிறந்ததென்பர். பொறிக்கும் இரண்டு கொதிகலன்கள், பக்கத்திற்கு ஒன்று. சரக்கு எப்போதும் சமமாக இருக்க வேண்டும். ஒருவர் பியானோ ஒன்றை ஏற்றியபோது மறுபுறம் இரண்டு கன்றுகளை ஏற்றிச் சமன் செய்தார்களாம். பியானோவை இறக்கியபின், பக்கத்திற்கு ஒரு கன்றாக நிறுத்தித் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். கதையாகவும் இருக்கலாம். ஆனால் நெம்புகோல் பாடம் நடத்த இதைவிட நல்ல கதை வேண்டுமா?

1920வாக்கில் அயர்லாந்தில் சுமார் 5,600 கிலோமீட்டர் இரயில் பாதை இருந்தது. அதில் பாதிக்கும் மேல் இன்றில்லை. 1953இல் டிங்கிள், 1959இல் டோனிகால், 1961இல் மேற்கு கிளேர் எனக் குறும்பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நாடு இரண்டாகப் பிரிந்தபின், எல்லையின் இருபுறமும் ஓடிய கிரேட் நார்தர்ன் இரயில்வே 1958இல் கலைக்கப்பட்டு, அதன் வண்டிகள் இரு நிறுவனங்களுக்குப் பங்கிடப்பட்டன. தென்பகுதிக்கு வந்த பொறிகளின் எண்ணுக்குப் பின்னால் 'என்' என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்தார்கள். அழகிய நீல நிறப் பொறியின் மேல் அவ்வெழுத்தைச் சிறு தூரிகையால் எழுதும் மாதிரிக் கலைஞர், ஒரு நாட்டின் பிரிவினையையே எழுதுகிறார்.

ஒரு குழாயின் பின்னால் 80 உயிர்கள்

காட்சிக்கூடத்தில் என் மகள் ஒரு பெட்டியின் முனையைச் சுட்டிக்காட்டி, "அம்மா, இந்தக் குட்டிக் குழாய் எதுக்கு?" என்று கேட்டாள். பிரேக் குழாய் என்று என் தந்தையார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. தங்குமிடம் திரும்பியபின் தேடிப் படித்தேன். அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள். வடக்கே ஆர்மா நகரிலிருந்து வாரன்பாயிண்ட் கடற்கரைக்கு ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் சுற்றுலா. பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர் என 15 பெட்டிகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். ஊரைத் தாண்டிய ஏற்றத்தில் பொறி இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டு வரலாம் என்று முடிவு செய்தார்கள்.

அவ்வண்டியில் வெற்றிட பிரேக் இருந்தது. ஆனால் அது தானியங்கி வகையன்று. பொறி வெற்றிடத்தை உண்டாக்கினால்தான் பிரேக் பிடிக்கும். குழாயைப் பிரித்தால் பின்னிருக்கும் பெட்டிகளுக்குப் பிரேக்கே இல்லை. பின்பாதியில் 10 பெட்டிகள். அவற்றைத் தாங்கி நின்றவை கடைசி வண்டியின் கைப்பிரேக்கும், சக்கரத்தின் கீழ் வைத்த சில கற்களுமே. முன்பாதி நகரத் தொடங்கும்போது சற்றே பின்னோக்கி உருண்டு இடித்தது. கற்கள் நொறுங்கின. பூட்டிய பெட்டிகள் பிள்ளைகளோடு சரிவில் உருண்டோடி, பின்னால் ஏறிவந்த மற்றொரு வண்டியில் மோதின. இறந்தோர் சுமார் 80 பேர். அவர்களில் பலர் குழந்தைகள்.

அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. பயணிகள் வண்டிகள் அனைத்திலும் தானியங்கித் தொடர் பிரேக் கட்டாயமாயிற்று. அதில் முறை தலைகீழ். குழாயில் வெற்றிடம் இருக்கும் வரைதான் பிரேக் விலகி நிற்கும். குழாய் பிரிந்தாலோ அறுந்தாலோ எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். ஒரு வண்டி சென்று முடியும் வரை அடுத்த வண்டியை விடக்கூடாது என்ற முறையும் கட்டாயமாயிற்று.

ஆகவே மாதிரிப் பெட்டியின் முனையில் ஒட்டப்படும் அந்தச் செம்புக்கம்பித் துண்டு வெறும் அலங்காரமன்று. சுற்றுலாவுக்குப் புறப்பட்டு வீடு திரும்பாத பிள்ளைகளின் நினைவு அதில் இருக்கிறது. மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி எத்தனையோ சுற்றுலாக்களுக்கு அழைத்துச் சென்ற எனக்கு, அந்தக் குழாயை இனி அலட்சியமாகப் பார்க்க முடியாது.

நான் இட்ட மதிப்பெண்

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன்.

2006ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். நான் பணியாற்றிய பள்ளியில் 'போக்குவரத்து, அன்றும் இன்றும்' என்ற தலைப்பில் கண்காட்சி வைத்தோம். நான் நடுவர்களில் ஒருத்தி. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் காலணிப் பெட்டி அட்டையால் ஓர் இரயில் பெட்டி செய்து கொண்டுவந்திருந்தான். மங்கிய சாம்பல் நிறம். அங்கங்கே துருப்போலப் பழுப்புத் தீற்றல். உள்ளே நூல்கண்டு அச்சில் செய்த ஒரு சிறு கைச்சக்கரம்; அதைத் திருகினால் அடியில் ஓர் அட்டைத் துண்டு சக்கரத்தை அழுத்தும். அவன் அருகிலேயே இன்னொரு மாணவன், கடையில் வாங்கிய பளபளக்கும் அதிவேக இரயிலை மின்கலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்பா, நல்ல வர்ணம் பூசியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அந்த வண்டி அப்படித்தான் இருக்கும், டீச்சர். தாத்தா சரக்கு வண்டியில கார்டா இருந்தாரு. அவர் சொல்லச் சொல்லத்தான் செஞ்சேன்" என்றான்.

நான் தலையசைத்துவிட்டு நகர்ந்தேன். பரிசு பளபளத்த வண்டிக்குச் சென்றது. அவன் அழவில்லை, தன் பெட்டியை ஒரு நெகிழிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

மாலஹைடில் ஓர் எளிய சாம்பல் நிறப் பொறியின் முன் நின்றபோது அவன் சொன்ன சொல் என் காதில் மீண்டும் ஒலித்தது. ஃபிரை நினைத்திருந்தால் அதற்கு நீலமோ சிவப்போ பூசியிருக்கலாம். பூசவில்லை. அந்த வண்டி அப்படித்தான் இருந்தது. ஆர்மா விபத்தைப் படித்தபோதோ, அவன் செய்த கைப்பிரேக்கின் பொருளும் விளங்கியது. அவனுடைய தாத்தா தம் வேலையில் எதை முதன்மையாகக் கருதினாரோ, அதையே பேரன் அட்டையில் செய்திருக்கிறான். தாத்தாவின் ஐம்பதாண்டு நினைவை ஒரு காலணிப் பெட்டியில் எடுத்துவந்த பிள்ளைக்கு நான் வண்ணத்தைப் பற்றி அறிவுரை சொன்னேன். அது என் பிழை.

நாம் செய்யக்கூடியவை

அன்றிலிருந்து மாணவர்களின் மாதிரிகளைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டு வருகிறேன். இது எந்த ஆண்டைச் சேர்ந்தது? யாரைக் கேட்டு, எதைப் பார்த்துச் செய்தாய்? எதை அளந்தாய்? எந்த இடத்தில் மெய்யைப் போலச் செய்ய முடியவில்லை? நான்காவது கேள்வியே மிக இன்றியமையாதது. 21 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 16.5 மில்லிமீட்டர் இருக்கிறது என்று அறிந்து சொல்லும் பிள்ளை, கற்றுக்கொண்ட பிள்ளை. அழகுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் அது கடைசியில்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்படைப்பு என்றதும் கடைக்கு ஓடாதீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் பார்த்த வண்டி, பிடித்த கருவி, வாழ்ந்த வீடு ஆகியவற்றின் அளவைக் கையால் காட்டச் சொல்லி, அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். டிரம் மின்கல வண்டிக்கு நேர்ந்த கதி நம் வீட்டு நினைவுகளுக்கும் நேரலாம். என் தந்தையாரிடம் நான் கேட்காமல் விட்டவை எத்தனையோ. அவருடைய விளக்குக் கண்ணாடியில் பச்சை எந்தப் பக்கம், சிவப்பு எந்தப் பக்கம் என்பதுகூட எனக்கு இன்று தெரியாது. கேட்பதற்கு அவர் இல்லை.

அந்த மாணவனுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். என்றாவது அவனைச் சந்தித்தால், அவனுடைய சாம்பல் நிறப் பெட்டி சரியாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். கூடவே, அது இன்னும் வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய மாதிரிகள் வந்திருந்தால், அவற்றைச் செய்த பிள்ளைகளிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். மீண்டும் வேறொரு கட்டுரையில் சந்திப்போம்.